பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது

அன்புள்ள பாப்பா,

போன மாதம் உன் அலுவலக முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்துவிட்டது. ஏதாவது எழுத்தைத் தப்பாக அடித்திருப்பேன், கண்ணாடி மாற்ற வேண்டும். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன்.

நைட் ஷிப்ட் இன்னும் இருக்கிறதா? பகலில் தூங்கும்போது ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டுக்கொள். போன கடிதத்திலும் இதையேதான் எழுதினேன் என்கிறாள் உன் அம்மா. எழுதினால் என்ன? தூக்கம் கெட்டால் எல்லாம் கெடும். அண்ணனுக்கு மட்டும் அவ்வப்போது மெசேஜ் போகிறதாம். நல்லது. யாருக்காவது போகிறதே.

எங்கள் செய்தி என்று பார்த்தால், விடுமுறையில் கணினி ஆசிரியர்களுக்கான சைபர் பாதுகாப்புப் பயிற்சி முகாமுக்குப் போய் வந்தேன். ஐந்து நாள். ஓய்வு பெறப்போகிற வயதில் இது எதற்கு என்று உன் அம்மா கேட்டாள். நீ என்ன வேலை செய்கிறாய் என்று எனக்கும் கொஞ்சம் புரியட்டுமே என்றேன். பயிற்றுநருக்கு உன் வயதுதான் இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருப்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார். நான் தூக்கவில்லை. பொய்தான். மாதா மாதம் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லிப் பிள்ளைகளை எத்தனை வருடம் விரட்டியிருக்கிறேன்! அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017-லேயே, கசிந்ததற்கு அறிகுறி இல்லாதபோது அப்படி மாற்ற வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டதாம். கட்டாயப்படுத்தினால் மனிதர்கள் கடைசியில் இருக்கும் எண்ணை மட்டும் ஒன்று கூட்டுவார்களாம். என்னுடையது 11 வரை போயிருந்தது.

இரண்டாம் நாள் ஓவர் தி வயர் தளத்தில் பேண்டிட் பயிற்சி. கட்டளைகளைத் தட்டச்சு செய்து, அடுத்த படிக்கான பாஸ்வேர்டைக் கண்டுபிடித்து, படிப்படியாக ஏறும் விளையாட்டு. நீ கல்லூரியில் ஒரே ராத்திரியில் பாதி முடித்தாயே, அதேதான். ஆரம்பத்திலேயே ஒரு படியில் கோப்பின் பெயர் வெறும் ஒரு சின்னக் கோடு. அதைத் திற என்று நான் கட்டளை கொடுத்தால், கணினி அதைக் கோப்பின் பெயராக எடுத்துக்கொள்ளவில்லை. நான் இன்னும் ஏதோ தட்டச்சு செய்யப்போகிறேன் என்று காத்து நிற்கிறது. அது ஏதோ வேலை செய்கிறது என்று நானும் காத்திருக்கிறேன். இரண்டு பேரும் இருபது நிமிடம் ஒருவரை ஒருவர் பார்த்தபடி சும்மா இருந்தோம். பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் சாய்கோடும் போட்டால் போதும் என்று பக்கத்தில் இருந்த டீச்சர்தான் சொன்னார். சிரிக்காதே. சரி, சிரி.

அப்புறம், என் மாணவர்களுக்குச் சொல்வதற்காகச் சில விவரங்கள் சேர்த்து வைத்திருக்கிறேன். அவர்களுக்காகத்தான். இந்தத் துறை என்றால் விடிய விடியத் திரையில் அலர்ட் பார்ப்பது மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். இந்தத் துறையின் வேலைகளை வகைப்படுத்தி நிஸ்ட் வெளியிட்ட நைஸ் கட்டமைப்பைப் பார்த்தால் எத்தனையோ வேலைகள் இருக்கின்றன. தடயங்களை ஆராய்கிறவர், ஓட்டைகளைத் தேடுகிறவர், கொள்கை எழுதுகிறவர். சொல்லிக்கொடுப்பதும் அதில் தனி வேலைதான். இரவில் கண்விழிக்க வேண்டாத வேலை. சைபர் பாதுகாப்புச் சான்றிதழ்கள் தரும் ஐஎஸ்சி2 அமைப்பு 2022-ல், பத்து லட்சம் பேருக்குத் தொடக்க நிலைச் சான்றிதழின் பயிற்சியும் தேர்வும் இலவசம் என்று அறிவித்ததாம். அதே அமைப்பின், அனுபவசாலிகளுக்கான சிஐஎஸ்எஸ்பி சான்றிதழ் முழுதாகக் கைக்கு வர ஐந்து வருட அனுபவம் வேண்டும். இது தெரியாமல், புதிதாக வருகிறவர்களுக்கான வேலை என்று போட்டுவிட்டு அந்தச் சான்றிதழைக் கேட்கிறார்கள் சிலர். அப்படிப்பட்ட விளம்பரத்தைப் பார்த்து மனம் தளரக் கூடாது என்று மாணவர்களிடம் சொல்லப்போகிறேன். கொஞ்ச நாள் சும்மா இருப்பது ஒன்றும் குற்றம் இல்லை என்றும் சொல்வேன். உனக்குத்தான் வேலை இருக்கிறதே, உனக்கு இதெல்லாம் எதற்கு?

மூன்றாம் நாளைப் பற்றி எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

அன்று பயிற்றுநர் ஒரு மாதிரித் தளத்தைத் திறந்தார். மதிப்பெண் பட்டியல். லிங்க்கின் கடைசியில் மாணவரின் எண். அதில் ஓர் இலக்கத்தை மாற்றினார். வேறொரு பிள்ளையின் மதிப்பெண்ணும் வீட்டு முகவரியும் வந்து நின்றன. யார் கேட்கிறார்கள் என்று தளம் சரிபார்க்கவே இல்லை. இணையதளங்களின் பாதுகாப்புக் கோளாறுகளைப் பட்டியலிடும் ஓவாஸ்ப் அமைப்பின் 2021 பட்டியலில் இந்த வகைக் கோளாறுதான் முதல் இடம் என்றார். எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

பத்தாம் வகுப்பில் நீ கண்டுபிடித்தது இதேதான். ஓர் எண்ணைத் தவறாக அடித்து, வேறு பெண்ணின் பக்கம் வந்து, உடனே மூடிவிட்டு, எந்தப் பக்கம், எப்படி வந்தது, எதை மாற்ற வேண்டும் என்று நீல நோட்டில் எழுதிக்கொண்டு முதலில் என்னிடம் வந்தாய். பார்க்கலாம் என்றேன். இரண்டு வாரம் பார்த்தாய். பிறகு தலைமையாசிரியரிடம் போனாய். அடுத்தவர் மதிப்பெண்ணைத் திருட்டுத்தனமாகப் பார்த்தவள் என்று உன்னை ஆசிரியர் அறையில் நிறுத்தினார்கள். நானும் அங்கேதான் நின்றேன். மன்னிப்புக் கடிதத்தை வரி வரியாக நான்தான் சொன்னேன், நீ எழுதினாய்.

அந்தப் பக்கத்தை எழுதியது நான், பாப்பா.

மென்பொருள் வெளியில் வாங்கினது. ஆனால் மதிப்பெண் காட்டும் பக்கத்தைத் தனியாகச் செய்து தரச் சொன்னார்கள், நான் ஒரு வாரத்தில் செய்து கொடுத்துப் பாராட்டும் வாங்கினேன். நீ நோட்டைக் காட்டிய நிமிடமே எனக்குப் புரிந்துவிட்டது. சரி செய்தால் தப்பு என்னுடையது என்று தெரிந்துவிடும் என்று தள்ளிப்போட்டேன். நீ கடிதம் எழுதிக் கொடுத்த அன்று ராத்திரி உட்கார்ந்து சரி செய்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. உன் அம்மாவுக்குக்கூட இன்று வரை தெரியாது.

முகாமில் இதற்கெல்லாம் முறை சொல்லிக்கொடுத்தார்கள். ஓட்டையைக் கண்டவர் முதலில் உரியவரிடம் தனியாகச் சொல்ல வேண்டும், சரி செய்ய அவகாசம் தர வேண்டும். மென்பொருள்களில் ஓட்டை தேடும் கூகுளின் ப்ராஜெக்ட் ஸீரோ குழு 90 நாள் தருகிறது. யாரிடம் சொல்ல வேண்டும் என்பதைத் தளத்திலேயே ஒரு சின்னக் கோப்பில் எழுதி வையுங்கள் என்று 2022-ல் தனி ஆவணமே வந்திருக்கிறது, ஆர்எஃப்சி 9116. பதினைந்து வயதில் நீ இதையெல்லாம் யாரும் சொல்லாமலே சரியாகச் செய்திருக்கிறாய். சொல்வதற்கு உனக்கு இருந்த ஆள்தான் சரியில்லை.

1988 நவம்பர் 2 அன்று ராபர்ட் மோரிஸ் என்ற மாணவர் விட்ட புழுவை, அதாவது கணினிக்குக் கணினி தானாகவே பரவும் நிரலைப் பற்றி நீதான் எனக்கு முதலில் சொன்னாய். ஏறக்குறைய 6,000 கணினிகள் மாட்டின என்று அப்போது கணக்கிட்டார்கள். அவருடைய அப்பா யார் என்பது எனக்கு இப்போதுதான் தெரியும். அமெரிக்க அரசின் தேசியக் கணினிப் பாதுகாப்பு மையத்தில் தலைமை விஞ்ஞானி. பையனுக்குத் தண்டனை கிடைத்தது. மூன்று வருடம் நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரம் சமூக சேவை, அபராதம். பிறகு எம்ஐடியில் பேராசிரியரும் ஆனார். ஊர் உலகத்தின் கணினிகளை முடக்கியவருக்கே அப்புறம் ஒரு வாழ்க்கை இருந்தது. யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்யாத என் பெண், அன்றைக்கு அப்புறம் இரண்டு வருடம் கணினிப் பக்கமே போகவில்லை. உனக்குப் பரீட்சைக் கவலை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்படியும் திரும்ப அந்தத் துறைக்கே போனாய். அதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று உன்னிடம் சொன்னதில்லை. முகாமில் எல்லோரிடமும் சொன்னேன், பயிற்றுநரிடம் இரண்டு தடவை.

ஆனால் ஏழு வாரம் ஒரு வார்த்தைகூட இல்லாமல் இருப்பது என்ன பழக்கம்? பெற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்று வேண்டாமா? நீ பார்த்ததைப் பார்த்தபடி சொல்கிறவள். எங்கே இருந்தாலும் சொல்லிவிடுவாய். எல்லா இடத்திலும் அதைக் கேட்கிறவர்கள் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது, என்னைப் போல் ஆட்களும் இருப்பார்கள். நான் எதையும் கேட்கவில்லை. இந்தத் தடவை கடிதம் எதுவும் எழுதிக் கொடுக்காதே, அவ்வளவுதான். ஏற்கெனவே கொடுத்திருந்தாலும் பரவாயில்லை. சாப்பிடு, தூங்கு. ஜன்னலுக்குத் துணி போடு.

உன் மன்னிப்புக் கடிதத்தின் நகல் பச்சைக் கோப்பில் இருந்தது. இத்துடன் வைத்திருக்கிறேன். கிழித்துவிடலாம் என்று எடுத்தேன், அது உன் கையெழுத்து, நான் கிழிப்பது சரியில்லை என்று தோன்றியது. பின்பக்கத்தில் நான் ஒன்று எழுதியிருக்கிறேன். எழுதியது யார் என்று என் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

பேண்டிட்டில் பன்னிரண்டாவது படியில் நிற்கிறேன். ஒரு மூட்டையை அவிழ்த்தால் உள்ளே இன்னொரு மூட்டை, அதை அவிழ்த்தால் அதற்குள் வேறொன்று. ஒவ்வொன்றுக்கும் முடிச்சு வேறு மாதிரி. போன் பண்ணிச் சொல்லிக்கொடு. எந்த நேரமானாலும் சரி.

அன்புடன்,
அப்பா

பி.கு.: திரும்பி வந்த மின்னஞ்சலை மறுபடி எடுத்துப் பார்த்தேன். எழுத்தெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.