எடுத்துவிட்ட நான்காம் பக்கம்

அன்பு நண்பனுக்கு,

வணக்கம். உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. நீ கேட்டிருந்த கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் எழுத மனம் வரவில்லை. தாமதத்துக்கு அதுதான் காரணம். நகரத்தில் வீட்டுவசதிக்காகக் குரல்கொடுக்கும் உங்கள் குழுவுக்கு ஓர் அறக்கட்டளை மூன்றாண்டு நிதி தர முன்வந்திருக்கிறது, வாங்கினால் முழுநேர ஊழியர் இருவரை அமர்த்தலாம், வாங்காவிட்டால் இப்போதுபோலவே விடுமுறை நாள்களில் கூடிப் பேசிக் கலையலாம், ஆனால் பணம் வாங்கிய பிறகு இது யாருடைய இயக்கம் என்று உறுப்பினர்களே கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தாய்.

நகரத்தைப் பற்றிய கருத்துகளில் யார் பணமும் படாதது என்று ஒன்றைத் தேடினால் கிடைப்பது அரிது. பாரிஸின் நடுப்பகுதியை இடித்துக் கோபுரங்களும் அகலச் சாலைகளும் அமைக்கக் கட்டடக் கலைஞர் லெ கார்பூசியே 1925-இல் முன்வைத்த திட்டத்துக்கு, அதற்குப் பொருளுதவி செய்த கார் உற்பத்தியாளரான வுவாசனின் பெயரையே வைத்தார்கள். அதில் எனக்கு வியப்பில்லை. எதிர்ப்பக்கத்துக் கதைதான் என்னை நெடுநாள் யோசிக்க வைத்தது. நெடுஞ்சாலைக்காகக் குடியிருப்புகளை இடிப்பதை எதிர்த்து நின்ற நியூயார்க் எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ், 1961-இல் வெளிவந்த தமது புகழ்பெற்ற நூலை ராக்கஃபெல்லர் அறக்கட்டளையின் நிதியுதவியோடுதான் எழுதினார். அதே குடும்பத்தைச் சேர்ந்த டேவிட் ராக்கஃபெல்லர் உருவாக்கிய வணிகர் சங்கமோ, நியூயார்க்கின் கீழ் மன்ஹாட்டன் பகுதியை ஊடறுத்துச் செல்லவிருந்த விரைவுச்சாலையை ஆதரித்தது. அந்தச் சாலையைத் தடுக்க அமைந்த கூட்டுக்குழுவின் தலைவர்களுள் ஜேக்கப்ஸ் ஒருவர். 1969-இல் திட்டம் கைவிடப்பட்டது. வாங்கிய பணம் அவர் வாயைக் கட்டவில்லை.

ஆனால் தனி எழுத்தாளர் ஒருவர் ஒருமுறை வாங்கும் உதவி வேறு. மாதாமாதம் சம்பளம் கொடுக்க வேண்டிய அமைப்பு வாங்கும் நிதி வேறு. இதற்குக் கலிஃபோர்னியாவைத்தான் நீ கவனமாகப் பார்க்க வேண்டும். வீட்டு வாடகை தாங்க முடியாமற்போன சான் ஃபிரான்சிஸ்கோவில், இன்னும் வீடு கட்டுங்கள் என்று நகராட்சிக் கூட்டங்களில் எழுந்து பேசிய சிலரிடமிருந்து 2014 வாக்கில் ஓர் இயக்கம் கிளம்பியது. 'எங்கள் கொல்லையில் கட்டாதே' என்றவர்களுக்கு எதிர்ச்சொல்லாக 'எங்கள் கொல்லையில் கட்டு' என்பதையே அது பெயராக்கிக்கொண்டது; ஆங்கிலத்தில் அதன் சுருக்கம் 'யிம்பி'. விரைவிலேயே தொழில்நுட்ப நிறுவனத் தலைவர்களின் பணம் வந்தது. 2018-இல் இணையவழிப் பணப் பரிமாற்றச் சேவை நடத்தும் ஸ்ட்ரைப் நிறுவனம் மட்டும் 'கலிஃபோர்னியா யிம்பி' அமைப்புக்கு 10 லட்சம் டாலர் கொடுத்தது. தங்கள் ஊழியர்களுக்கு வீடு கிடைக்காததால் தவிக்கும் நிறுவனங்களுக்கும் வாடகைக்காரர்களுக்கும் கோரிக்கை ஒன்றாக இருந்தவரை இதில் சிக்கலில்லை. அந்த ஆண்டே மாநிலச் செனட்டர் ஸ்காட் வீனர் கொண்டுவந்த எஸ்.பி. 827 என்ற எண்ணுள்ள மசோதா, ரயில் நிலையங்களுக்கு அருகில் உயரமான குடியிருப்புகளை அனுமதிக்கச் சொன்னது. சொந்த வீட்டுக்காரர்கள் எதிர்த்தது எதிர்பார்த்ததுதான். வாடகைக்காரர் சங்கங்களும் எதிர்த்தன: பழைய கட்டடம் இடிபடும்போது அதில் குடியிருக்கும் ஏழைகள் எங்கே போவார்கள் என்பதற்கு முதல் வரைவில் போதிய பதில் இல்லை. அவர்கள் சத்தம் போட்ட பிறகே குடியிருப்பவர்களுக்கான பாதுகாப்புகள் திருத்தங்களாக வந்தன. மசோதா குழுநிலையிலேயே தோற்றது. அடுத்து வந்த எஸ்.பி. 50-உம் 2020 ஜனவரியில் தேவையான 21 வாக்குகளுக்கு 18 மட்டுமே பெற்று வீழ்ந்தது.

இதனால் பணம் வந்த பக்கம் பொய், மறுபக்கம் மெய் என்று எண்ணிவிடாதே. 2017-இல் லாஸ் ஏஞ்சலீஸில் பெருங்கட்டடங்களுக்கு இரண்டாண்டுத் தடை கோரிய வாக்கெடுப்புக்குப் பெரும்பகுதிச் செலவை ஏற்றது எய்ட்ஸ் நோயாளிகளுக்குச் சிகிச்சை அளிக்கும் ஓர் அறக்கட்டளை. எதிர்த்தவர்களுக்குக் கட்டுமான நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் கொடுத்தன. எதிராளியின் பணத்தை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பது விவாதத்திலிருந்து தப்பிக்கும் வழி என்பது என் எண்ணம்.

பணமே வாங்காத இயக்கம் தூயது என்ற வாதத்தையும் நான் ஏற்கவில்லை. பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாசசூசெட்ஸின் 97 ஊர்களில் நடந்த திட்டக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகளைப் படித்துப் பார்த்தார்கள். அங்கே எழுந்து பேசியவர்களில் வயதானவர்களும் ஆண்களும் சொந்த வீட்டுக்காரர்களும் மக்கள்தொகையில் அவர்களுக்குள்ள பங்கைவிட அதிகமாக இருந்தார்கள். பெரும்பாலோர் பேசியது புதிய வீடுகளுக்கு எதிராக. குழந்தையை யாரிடமும் விட்டுவர முடியாதவளும் இரவுப்பணிக்குப் போகிறவனும் அந்த ஒலிவாங்கியின் முன்னால் வந்து நிற்பதில்லை. சம்பளம் இல்லாத இயக்கம், ஓய்வு நேரம் உள்ளவர்களின் இயக்கமாகிவிடுகிறது. அதுவும் ஒரு நிதியுதவிதான். யாரும் ரசீது போடுவதில்லை.

நெதர்லாந்தில் நடந்ததை நினைத்துப் பார். 1971-இல் அங்கே சாலை விபத்துகளில் 400-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். மகளைப் பறிகொடுத்த பத்திரிகையாளர் ஒருவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்ற இயக்கத்தின் பெயராயிற்று. தெருக்களை மறித்துப் போராடிய அந்த இயக்கத்துக்கு அரசே மானியம் கொடுத்தது. கொடுத்தவரையே எதிர்த்துப் போராட முடிந்தது என்றால், தெருவில் வந்து உட்கார்ந்த பெற்றோர் மானியம் நின்றாலும் வந்திருப்பார்கள் என்பதுதான் காரணம் என்று நான் நம்புகிறேன்.

இனி உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று. நான் செயலாளராக இருந்த சிறு குழுவை நீ அறிவாய். பேருந்து வழித்தடத்தை ஒட்டிக் கூடுதல் வீடுகள் வேண்டும் என்று ஓர் அறிக்கை தயாரித்தோம். அச்சுச் செலவை ஒரு கட்டுமான நிறுவனம் ஏற்றது. வரைவின் நான்காம் பக்கத்தில் ஓர் அட்டவணை இருந்தது: எந்தெந்தக் கட்டடங்கள் இடிபடலாம், அவற்றில் எத்தனை வாடகைக் குடும்பங்கள், எத்தனை ஆண்டுகளாக இருக்கிறார்கள். எங்கள் பெண் உறுப்பினர் ஒருவர் வீடு வீடாக ஏறி இறங்கிப் பென்சிலால் குறித்துவந்த கணக்கு அது. அந்த நிறுவனத்தார் வரைவைப் பார்க்கவே இல்லை. எதையும் நீக்கச் சொல்லவும் இல்லை. அச்சுக்கு அனுப்புவதற்கு முந்தைய இரவு, இது இப்போது வேண்டாமே என்று நானாகவே அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டேன். அச்சான பிரதியைப் புரட்டிப் பார்த்த அந்த அம்மா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை.

ஆகவே என் கருத்து: பணத்தை வாங்கு. ஆனால் உங்கள் கோரிக்கைகள் முழுவதையும், கொடுப்பவருக்குப் பிடிக்காதவற்றையும் சேர்த்து, கையெழுத்துக்கு முன்பே எழுதி வெளியிட்டுவிடு. தொகையையும் பெயரையும் நீங்களே அறிவியுங்கள். பிறர் கண்டுபிடித்துச் சொல்லும்வரை காத்திருக்காதீர்கள். உறுப்பினர் சந்தா எவ்வளவு சிறியதானாலும் நிறுத்தாதே. அமெரிக்காவில் வரிச்சலுகை பெறும் அறக்கட்டளை ஒன்றும் சட்டமன்றத்தில் ஆதரவு திரட்டும் அமைப்பு ஒன்றுமாக இரட்டைக் கணக்கு வைத்துக்கொள்வதுண்டு. சட்டப்படி அது சரியே என்றாலும், கடைசியில் எந்தப் பணம் எதற்குப் போனது என்று உறுப்பினருக்கே விளங்காமற்போகும். நீங்கள் ஒரே கணக்கில் வைத்திருங்கள். நிர்வாகக் குழுவில் வாடகைக்கு இருப்பவர்கள் பாதிப்பேராவது இருக்கட்டும்.

ஒப்பந்த வரைவை அடுத்த கடிதத்தோடு அனுப்பிவை. 'இலக்குகள்' என்ற பகுதியை அவர்கள் எழுதினார்களா, நீங்கள் எழுதினீர்களா என்பதையும் குறிப்பிடு. நான் நிதானமாகப் படித்துப் பார்த்துப் பென்சிலால் குறித்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்