பேஸ்மென்றில் இருப்பவருக்கும் குளிரும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற கிழமை உங்கள் பத்திரிகையில் குளிர்காலத்துக்கு வீட்டைத் தயார்படுத்துவது பற்றி அரைப்பக்கக் குறிப்பு ஒன்று போட்டிருந்தீர்கள். வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸின் ஃபில்ரரை மாற்றுங்கள், யன்னல் இடுக்குகளை அடையுங்கள், கூரைப் பீலியில் கிடக்கும் இலைகளை அள்ளுங்கள் என்று எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நான் வாசிக்க வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்த மனைவி, "கீழே இருக்கிற பொடியனைப் பற்றி ஒன்றும் போடவில்லையோ?" என்றார். எங்கள் பேஸ்மென்றில், அதாவது நிலத்துக்குக் கீழே உள்ள தளத்தில், வாடகைக்கு இருப்பவனைத்தான் சொன்னார். அதனால்தான் இந்தக் கடிதம்.

நாங்கள் ரொறன்ரோவின் ஸ்காபரோவில், மல்வேர்ன் பக்கத்தில் இந்த வீட்டை வாங்கியது 1998 இலையுதிர் காலத்தில். அடுத்த ஜனவரியில்தான் மேயர் மெல் லாஸ்ற்மன் பனி அள்ள இராணுவத்தைக் கூப்பிட்டார். அந்தப் பனிக்குள்தான் எங்களுடைய முதல் வாடகைக்காரர் பெட்டியும் படுக்கையுமாக வந்து இறங்கினார். வீட்டுக்கடன் கட்ட வேறு வழி இருக்கவில்லை. ஸ்காபரோவில் எங்கள் ஆட்களின் வீடுகளில் எத்தனையோ வீடு இப்படித்தான் நிற்கிறது. கூரை ஒன்று, ஃபேர்னஸ் ஒன்று, குடித்தனம் இரண்டு. குளிருக்கு ஆயத்தம் செய்யும்போது நாங்கள் மேல் வீட்டை மட்டும் பார்க்கிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

2022 ஜனவரி 17ஆம் திகதியை ரொறன்ரோவில் இருந்த ஒருவரும் மறந்திருக்கமாட்டார்கள். காலையில் கதவைத் திறந்தால் பனியில் படியைக் காணவில்லை. கார் நிற்கும் பாதையைத் துப்புரவாக்க எனக்கு மூன்று மணித்தியாலம் பிடித்தது. தெருப்பக்கம் ஏற்கெனவே மலைபோல் குவிந்துவிட்டதால், மிச்சத்தையெல்லாம் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் இடையில் உள்ள ஒடுங்கிய சந்துக்குள் எறிந்தேன். கெட்டித்தனமான வேலை செய்ததாக நினைத்து உள்ளே வந்து தேத்தண்ணி குடித்தேன்.

இரவு எட்டரைபோல் கீழே இருந்து தொலைபேசி. அப்போது இருந்தவன் கோயம்புத்தூர்ப் பொடியன், கல்லூரியில் படிக்க வந்தவன். "அங்கிள், ஹீட்டர் நின்னு போச்சுன்னு நினைக்கிறேன். கால் எல்லாம் ஜில்லுன்னு இருக்கு" என்றான். வீட்டுச் சூட்டைக் காட்டும் தெர்மோஸ்ரற்றைப் பார்த்தால் 17 பாகை. எங்களுக்கு மேலே சமையல் சூட்டில் அது தெரியவில்லை. ஃபேர்னஸ் திருத்துபவரை அழைத்தேன். தான் வர நடுச்சாமம் ஆகும் என்று சொல்லிவிட்டு, "அண்ணை, வெளியில் உங்கள் ஃபேர்னஸின் வெள்ளைப் பைப் இரண்டும் எங்கே இருக்கிறது, போய்ப் பாருங்கோ" என்றார்.

ரோர்ச் லைற்றோடு போனேன். பைப் இரண்டும் எங்கே இருந்தன என்றால், பகல் நான் எறிந்த பனிக்குள். முழங்கால் உயரத்தில் சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருப்பவை அவை. ஒன்று காற்றை உள்ளே எடுக்கும், மற்றது எரிந்த புகையை வெளியே விடும். கையால் கிளறி எடுத்தபோது வெளியே விடும் பைப்பின் வாயில் பனி உருகி, திரும்ப உறைந்து, கண்ணாடி மூடி போட்டதுபோல் இருந்தது. அதை உடைத்துக்கொண்டு நிற்கும்போது இரண்டடி தள்ளிப் பனிக்கும்பத்துக்குள்ளால் மங்கலாக ஒரு மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது. முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, அது அந்தப் பொடியன் படுக்கிற அறையின் யன்னல். நெருப்புப் பிடித்தால் கதவை விட்டால் அவனுக்கு வெளியேற இருக்கிற ஒரே வழி. அதையும் நான் மூடியிருந்தேன்.

பனி அள்ளி முடித்துச் சில நிமிடத்தில் ஃபேர்னஸ் தானாக ஓடத் தொடங்கிவிட்டது. புது மாதிரி ஃபேர்னஸ்களில் காற்றோட்டம் தடைப்பட்டால் தானே நின்றுகொள்ளும் ஒரு சுவிட்ச் இருக்கிறது என்று திருத்துபவர் பிறகு விளக்கினார். எல்லாவற்றையும் அந்தச் சுவிட்சை நம்பி விடமுடியாது. 2008இல் ஒன்ராறியோவின் ஊட்ஸ்டொக்கில் எரிவாயுக் கணப்பின் புகைபோக்கி அடைபட்டு, ஒரு பொலிஸ் உத்தியோகத்தரும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் இறந்துபோனார்கள். அவர்களைக் கொன்றது காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தலையிடிக்கும், சத்தி வரும்போல் இருக்கும். சளிக்காய்ச்சல் என்று நினைத்துக் குளிசையைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவோம். அந்தக் குடும்பத்தின் பெயரில்தான் 2013இல் ஒன்ராறியோவில் சட்டம் வந்தது. எரிவாயு முதலிய எரிபொருளில் ஓடும் சாதனமோ, வீட்டோடு ஒட்டிய கராஜோ இருந்தால், படுக்கிற அறைகளுக்குப் பக்கத்தில் காபன் மொனொக்சைட் அலாரம் இருக்கவேண்டும். 2026 ஜனவரி 1 முதல் படுக்கையறை இல்லாத தளத்திலும் ஒன்று வேண்டும். கராஜோடு ஒட்டிய எங்கள் வீடுகள் அநேகமாக எல்லாமே இதற்குள் வரும்.

அலாரம் என்றதும் ஒன்று சொல்லவேண்டும். எங்கள் வீடுகளில் புகை அலாரத்துக்கு முதல் எதிரி மிளகாய்த்தூள் வறுக்கிற நாள். இரண்டாவது எதிரி வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி. எங்கள் குசினிக்குப் பக்கத்தில் இருந்த அலாரத்துக்கு மனைவி தமிழ்க்கடைப் பொலித்தீன் பையைக் கட்டி, ரப்பர் வளையம் போட்டு, இரண்டு வருடம் வைத்திருந்தார். கீழே முன்பு இருந்த ஒருவர் மீன் பொரிக்கும்போது கத்துகிறதென்று பற்றரியைக் கழற்றி ரீவி ரிமோற்றுக்குப் போட்டுவிட்டார். அவர் போனபிறகுதான் அது எனக்குத் தெரியும். கழற்றிப் பின்பக்கத்தைப் பார்த்தால், அலாரமே காலாவதியாகி நாலு வருடம். அவற்றுக்கும் ஆயுள் உண்டு, திகதி அச்சடித்திருக்கும். ஒருவரும் திருப்பிப் பார்ப்பதில்லை. இப்போது குசினியிலிருந்து தள்ளிப் புதிதாகப் பூட்டியிருக்கிறேன். கத்தினால் அமத்த ஒரு பொத்தானும் அதில் இருக்கிறது. பொலித்தீன் பை குப்பைக்குப் போயிற்று.

மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதும் உங்கள் குறிப்பில் இல்லை. 2013 நத்தாருக்கு மூன்று நாளைக்கு முதல் உறைமழை பெய்து மரங்களெல்லாம் கண்ணாடியாகி முறிந்து விழுந்தன. ரொறன்ரோவில் மட்டும் சுமார் மூன்று லட்சம் வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் இல்லை. ஃபேர்னஸ் எரிவாயுவில் ஓடினாலும் அதன் விசிறிக்கு மின்சாரம் வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் பலர் கண்டுபிடித்தோம். ஆட்கள் பாபகியூக் கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவந்து மூட்டினார்கள். கராஜுக்குள் ஜெனரேற்றர் ஓடவிட்டு உயிர் போனதும் அந்த நாட்களில்தான். நாங்கள் ஒன்பது பேர், கீழ் வீட்டுக் குடும்பத்தையும் சேர்த்து, ஒரே அறையில் போர்வைகளுக்குள் இரண்டு இரவு கிடந்தோம். அந்தக் குடும்பத்தோடு அதற்குப் பிறகுதான் எங்களுக்கு நல்ல பழக்கம் வந்தது.

வெளிக்குழாய்க் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வருடம் கந்தசஷ்டி விரதக் களையில், தோட்டத்துக்குத் தண்ணி விடும் ஹோஸைக் கழற்றாமல் விட்டுவிட்டேன். உள்ளே குழாயை அடைக்கும் வால்வு பேஸ்மென்றின் கூரைக்குள் இருக்கிறது. அதையும் மூடவில்லை. தண்ணி உறைந்தால் பெருக்கும், பைப் பிளக்கும். ஆனால் குளிர்காலம் முழுக்க ஒன்றும் தெரியாது. சித்திரையில் கத்தரிக்கன்றுக்குத் தண்ணி விடக் குழாயைத் திறந்தேன். மேலே நான் கன்றுக்கு ஊற்றிக்கொண்டு நிற்கிறேன், கீழே வாடகைக்காரரின் கட்டிலில் மழை. பெட்டிக்குள் இருந்த அவருடைய குடிவரவுக் கடிதங்களை இஸ்திரிப் பெட்டியால் காயவைத்துக் கொடுத்தோம். அவர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். ஹோஸைக் கழற்று, உள்வால்வை மூடு, வெளிக்குழாயைத் திறந்து மிச்சத் தண்ணியை வடியவிடு. பத்து நிமிட வேலை.

அப்புறம் தெர்மோஸ்ரற். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. எரிவாயுக் கட்டணத்துக்குப் பயந்து இரவில் 18க்குக் குறைத்துவிடுவது என் வழக்கம். குளிர்காலத்தில் வாடகைக்கு விட்ட இடம் 21 பாகைக்குக் குறையக்கூடாது என்பது நகரசபை விதி. மேலே 18 என்றால் சீமெந்து நிலத்துக்குப் பக்கத்தில் என்ன இருக்கும்? ஒருநாள் லோன்றிக்குப் போகக் கீழே இறங்கினேன். கோயம்புத்தூர்ப் பொடியன் ஓவன் கதவைத் திறந்து வைத்துவிட்டு, அதன் முன்னால் கதிரை போட்டு, காதுவரை தொப்பியோடு இருந்து படித்துக்கொண்டிருந்தான். நல்லகாலம், எங்களுடையது மின் அடுப்பு. "ஏன் தம்பி சொல்லவில்லை?" என்று கேட்டேன். "நீங்க வாடகை ஏத்திடுவீங்களோன்னு..." என்று இழுத்தான். அன்றைக்கு உள்ளூர்க் கடையில் யன்னலுக்கு ஒட்டும் பிளாஸ்ரிக் தாள் வாங்கி வந்து, இருவருமாக முடி காயவைக்கும் ட்ரையரால் சூடு காட்டி இறுக்கினோம். வெளியேறும் யன்னலுக்கு மட்டும் ஒட்டவில்லை. சோறு அவிக்கும்போது விசிறியைப் போடச் சொன்னேன். இறுக்கி அடைத்த அறையில் அந்த நீராவி சுவரில் பூஞ்சணமாக ஏறிவிடும்.

ஃபேர்னஸ் பார்க்க வருபவரிடம் மாகாணத்தின் எரிவாயு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். கதவைத் தட்டி ஃபேர்னஸ் விற்பது 2018 மார்ச் முதல் ஒன்ராறியோவில் தடை. அதற்கு முதல் எங்கள் தெருவில் ஒரு நிறுவனத்தார் தமிழ்ப் பொடியன்களையே அனுப்பி, "அம்மா, சும்மா பரிசோதனைதான்" என்று சொல்லி, பத்து வருட ஒப்பந்தத்தில் ஒரு வயோதிபத் தாயிடம் கையெழுத்து வாங்கிப்போனார்கள். அந்தக் கதைக்குத் தனிக் கடிதம் வேண்டும்.

ஆசிரியரே, என் கேள்வி சின்னது. உங்கள் கடைசிப் பக்கத்துக்கு முன்பக்கத்தில் ஒவ்வொரு கிழமையும் பேஸ்மென்ற் விளம்பரங்கள் வருகின்றன. "தனி வாசல், பஸ் தரிப்புக்கு அருகில், சமையல் குறைவாக உள்ளவர்கள் விரும்பத்தக்கது" என்று. விளம்பரம் தருபவரிடம் உங்கள் காரியாலயத்தில் இரண்டே இரண்டு கேள்வி கேட்கமுடியுமா? அலாரம் வேலை செய்கிறதா, அந்த அறையின் யன்னல் திறக்கிறதா? பதிலையும் விளம்பரத்தோடு சேர்த்துப் போடுங்கள். சமையல் பற்றிய வரியை எடுத்தால் அதற்கு இடம் காணும்.

நவம்பர் முதல் ஞாயிறு மணிக்கூட்டு நேரம் மாறுகிறது. அன்றைக்கு நான் அலாரங்கள் வேலை செய்கின்றனவா என்று பொத்தானை அமத்திப் பார்க்கப்போகிறேன். கீழே இப்போது இருக்கும் பொடியன் ஏணி பிடிக்க வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பஸ் சாரதி ஒருவர்
மல்வேர்ன், ஸ்காபரோ