எலும்பு நலன் ஆண்டு: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு, பொதுக்குழு உறுப்பினர்களுக்கும், வந்திருக்கும் குடும்பத்தினர் அனைவருக்கும் வணக்கம்.

மரபுவழித் தசைநோய் உள்ளவர்களுக்காகவும் அவர்களைப் பராமரிப்போருக்காகவும் இயங்கும் நம் சங்கம், சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, இந்த ஆண்டு எலும்பு நலனை முதன்மைப் பணியாக எடுத்துக்கொண்டது. தசை, மூச்சு, இதயம் பற்றி ஆண்டுதோறும் பேசிவரும் நாம், எலும்பைப் பற்றி எங்கேனும் ஒன்று முறிந்த பிறகே பேசிவந்திருக்கிறோம். நம் உறுப்பினர் குடும்பம் ஒன்றில், டுஷேன் தசைச்சிதைவு (பெரும்பாலும் சிறுவர்களுக்கு வந்து, தசைகளைப் படிப்படியாக நலியச் செய்யும் மரபுநோய்) உள்ள சிறுவனின் முதுகுவலிக்குத் தசைப்பிடிப்பு என்றே பல மாதங்கள் மருந்து தரப்பட்டது. பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோதுதான் முதுகெலும்புகள் நசுங்கியிருந்தது தெரிந்தது. அந்தத் தாய் பொதுக்குழுவில் எழுந்து பேசியதே இத்தீர்மானத்துக்குக் காரணம்.

தசை இழுக்கும் விசையாலும் உடலின் எடையைத் தாங்குவதாலும்தான் எலும்பு வலுப்பெறுகிறது. ஆகவே தசை நலிந்து நடமாட்டம் குறையும்போது எலும்பும் மெலிகிறது. ஸ்டீராய்டு மருந்தே எடுத்துக்கொள்ளாத முதுகுத்தண்டு தசைநலிவு நோயிலும் எலும்பு அடர்த்தி குறைவாக இருப்பது இதனால்தான். டுஷேன் நோயில் பிரெட்னிசோலோன், டெஃப்ளாசகார்ட் போன்ற ஸ்டீராய்டுகள் பிள்ளைகள் நடக்கும் காலத்தை நீட்டித்து, முதுகு வளைவதையும் மூச்சுத்திறன் குறைவதையும் தாமதப்படுத்துகின்றன. அதே மருந்துகள் புதிய எலும்பு உருவாவதைக் குறைத்து, பருவமடைதலையும் தள்ளிப்போடுவதால், எலும்புக்கு இரு வகையில் இழப்பு நேர்கிறது. இதைக் கேட்ட சில பெற்றோர் மருந்தையே நிறுத்திவிடலாமா என்று கேட்டார்கள். மருத்துவரைக் கேளாமல் ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவது, உடலின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி செயலற்றிருக்கும் நிலையில், உயிருக்கே ஆபத்தாக முடியும் என்பதை இந்த அவையில் மீண்டும் அழுத்தமாகப் பதிவு செய்கிறேன்.

ஆண்டின் பெரும்பகுதி முதுகெலும்பு எக்ஸ்ரே பற்றிய விளக்கக் கூட்டங்களில் கழிந்தது. என் கருத்தில் நாம் செய்த பணிகளில் மிகப் பயனுள்ளதும் அதுவே. முதுகெலும்பு முறிவு பல பிள்ளைகளுக்கு வலியே இல்லாமல் ஏற்படுகிறது என்பதால், வலி வரும்வரை காத்திருப்பது பொருந்தாது. டுஷேன் பராமரிப்புக்கென 2018-இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதல்கள், ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு 1 முதல் 2 ஆண்டுகளுக்கு ஒருமுறையும், எடுக்காதவர்களுக்கு 2 முதல் 3 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் முதுகெலும்பைப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுக்கச் சொல்கின்றன. வைட்டமின் டி அளவை ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேனில் எண் நன்றாக இருக்கிறது என்பதை மட்டும் நம்பி எக்ஸ்ரேயைத் தவிர்க்கக் கூடாது. உயரம் குறைந்த பிள்ளைகளுக்கு அந்த எண்ணை உயரத்துக்கேற்பத் திருத்திப் படிக்க வேண்டும் என்பதையும், முதுகில் உலோகக் கம்பி வைத்தவர்களுக்கு முதுகு ஸ்கேன் சரியான அளவைத் தராது என்பதையும் குடும்பங்கள் மருத்துவரிடம் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. இதற்காகவே ஒரு பக்கக் கேள்வித்தாள் அச்சிட்டு எல்லா உறுப்பினர்களுக்கும் வழங்கியுள்ளோம்.

முறிவு கண்டறியப்பட்டால் எலும்பு கரைவதைக் குறைக்கும் ஜொலெட்ரோனிக் அமிலம், பாமிட்ரோனேட் போன்ற மருந்துகள் இரத்தக்குழாய் வழியாக ஏற்றப்படுகின்றன. அதற்கு முன் வைட்டமின் டி, கால்சியம் குறைவைச் சரிசெய்து, பற்களையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். முதல் தவணைக்குப் பின் காய்ச்சலும் உடல்வலியும் வரலாம் என்பதால், ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு அந்த நாட்களில் ஸ்டீராய்டு கூடுதல் அளவில் தேவையா என்று முன்கூட்டியே கேட்டுவைக்க வேண்டும். இம்மருந்துகளுக்கு முன் சிறுநீரகத்தின் நிலையை அறிய இரத்தத்தில் பார்க்கப்படும் கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. தசை குறைந்தவர்களுக்குச் சிறுநீரகம் பழுதுபட்டிருந்தாலும் அந்த எண் குறைவாகவே காட்டக்கூடும் என்பதால், தசையின் அளவைப் பெரிதும் சாராத சிஸ்டாட்டின் சி பரிசோதனையைக் கேட்டுப் பெறுவது நல்லது.

தூக்கி மாற்றும் பயிற்சி முகாமில் பிசியோதெரபி நிபுணர் காட்டிய ஒன்றை இங்கே குறிப்பிட விரும்புகிறேன். சக்கர நாற்காலியிலிருந்து தூக்கும்போது பாதத்தின் விளிம்பு கால்தாங்கியில் சிக்கியிருக்க உடல் மட்டும் திரும்பினால், முழு முறுக்கும் முழங்காலுக்குச் சற்று மேலே தொடையெலும்பில் விழுகிறது. முதலில் பாதத்தை விடுவிப்பது, கால்தாங்கியை ஒதுக்குவது, பிறகே தூக்குவது என்ற வரிசையைப் பெற்றோர் ஒவ்வொருவராகச் செய்து பழகினார்கள். வீட்டுக்குள் சில அடி தூரம்தானே என்று இடுப்புப் பட்டையைப் போடாமல் விடும் பழக்கத்தைப் பற்றியும் அங்கே நீண்ட நேரம் பேசினோம்.

உறுப்பினர்கள் கையோடு வைத்திருக்கும் அவசர அட்டையும் திருத்தப்பட்டுள்ளது. நடக்கும் நிலையிலுள்ளவருக்குக் கால் முறிந்தால், நீண்டகால மாவுக்கட்டால் நடையே நின்றுபோகக்கூடும் என்பதால், அறுவைசிகிச்சை செய்து விரைவில் எழுந்து நிற்கவைக்க முடியுமா என்று கேட்கும்படி அதில் எழுதியிருக்கிறோம். டுஷேன் உள்ளவர்களுக்கு மயக்க மருந்து தரும்போது தசையைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் கூடாது என்பதும் அதில் உள்ளது. எலும்பு முறிந்தோ, பலமாக அடிபட்டோ சில நாட்களுக்குள் மூச்சுத்திணறலோ குழப்பமோ வந்தால், கொழுப்புத் துகள்கள் நுரையீரலையும் மூளையையும் அடைந்திருக்கலாம் என்று கருதி உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்ற வரி சிவப்பு எழுத்தில் அச்சாகியிருக்கிறது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். பெரியவர்களான உறுப்பினர்களின் எலும்பு நலனுக்கு இந்த ஆண்டு போதிய நேரம் கிடைக்காததால், மூட்டுச்சுற்றுத் தசைநலிவும் (இடுப்பு, தோள் தசைகள் நலிவது) மயோடோனிக் தசைநோயும் (இறுகிய தசை தளரத் தாமதமாவது) உள்ளவர்கள் வீட்டில் விழுவதைத் தடுப்பது குறித்து வரும் ஆண்டில் தனி முகாம் நடத்தச் செயற்குழு பரிந்துரைக்கிறது. அப்பரிந்துரையையும் இவ்வறிக்கையையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்