இனகடாத்தே வயலிலிருந்து அப்பாவுக்கு

ஹிரோசாகி, ஜப்பான்
அக்டோபர் மாதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். நீங்களும் அம்மாவும் தம்பியும் நலம் என்று நம்புகிறேன். சம்பா நடவு முடிந்துவிட்டதா? வாய்க்காலில் தண்ணீர் கடைமடை வரை வருகிறதா? இங்கே குளிர் தொடங்கிவிட்டது. ஆய்வகத்துக்கு இப்போதே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் போகிறேன்.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் நடந்த பேச்சைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நடவுக்கு ஆள் கிடைப்பதில்லை, பிள்ளைகள் எல்லாம் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள், இனி ஊருக்கு என்ன வழி என்று பெரியவர் ஒருவர் கேட்டதும் யாருக்கும் பதில் சொல்லத் தோன்றவில்லை என்று எழுதியிருந்ததைப் பல முறை படித்தேன். அதே கவலை முப்பது ஆண்டுகளுக்கு முன் இங்கே ஒரு கிராமத்துக்கும் இருந்தது. நான் இருக்கும் ஹிரோசாகி நகரத்துக்குப் பக்கத்திலேயே, சின்ன ரயிலில் போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிறது. இனகடாத்தே என்று பெயர். போன ஞாயிற்றுக்கிழமை அங்கே கதிர் அறுக்கப் போய்விட்டு வந்தேன். தோள் வலி இன்னும் தீரவில்லை.

அவோமோரி மாகாணத்திலேயே பரப்பளவில் மிகச் சிறிய ஊராட்சி அது. மொத்தம் சுமார் 22 சதுர கிலோமீட்டர், ஏழாயிரத்துச் சொச்சம் மக்கள். நெல், ஆப்பிள், ஸ்ட்ராபெர்ரி தவிர வேறு பிழைப்பு இல்லை. கடல் கிடையாது, பெரிய கோயில் கிடையாது, வெந்நீர் ஊற்றுக்குப் பேர்போன ஊரும் இல்லை. இளைஞர்கள் டோக்கியோவுக்குப் போய்விட, வயலில் நிற்பவர்கள் பெரும்பாலும் உங்கள் வயதுக்காரர்கள். ஊருக்கு வெளியாட்களை எப்படி வரவழைப்பது என்று கிராம அலுவலகத்தில் யோசித்தபோது, இருக்கிற வயலையே காட்டலாம் என்று முடிவு செய்தார்கள். 1993-ல் பல நிற இலை கொண்ட நெல் ரகங்களை நட்டு, தொலைவில் தெரியும் இவாகி மலையை வயலிலேயே படமாக வரைந்தார்கள். 2001 வரை ஆண்டுதோறும் அதே மலைதான். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்தப் பொறுமை. ஒன்பது வருடம் ஒரே படத்தை நட்டுக் கை பழகிய பிறகுதான் பெரிய படத்துக்குப் போனார்கள்.

நம் கறுப்புக் கவுனியில் அரிசிதான் கறுப்பு, வயலில் பார்த்தால் பச்சைதானே? இங்கே இலையே நிறம். ஊதா, மஞ்சள், வெள்ளை, சிவப்பு, ஆரஞ்சு என்று தனித்தனி ரகங்கள். பச்சைக்கு மட்டும் இந்த வட்டாரத்தில் எல்லோரும் சாப்பிடப் பயிரிடும் சாதாரண நெல்.

2003-ல் மோனாலிசாவை நட்டார்கள். பார்வை கோபுரத்திலிருந்து பார்த்தால் அந்த அம்மாளின் கீழ்ப்பாதி பருத்துத் தெரிந்ததாம். பக்கத்தில் இருப்பது பெரிதாகவும் தூரத்தில் இருப்பது சுருங்கியும் தெரியும் அல்லவா? அதன் பிறகு கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு, தூரத்துப் பகுதியை நீட்டி வரைகிறார்கள். நில அளவைக்காரர்கள் ஆயிரக்கணக்கான புள்ளிகளைக் குறித்துக் குச்சி ஊன்றி, கயிறு கட்டித் தருகிறார்கள். வரப்பில் நின்று பார்த்தால் தாறுமாறாகக் கட்டிய கயிறு மட்டும்தான் தெரியும்.

ஜூன் தொடக்கத்தில் நடவு. முன்கூட்டியே பெயர் பதிந்தால் யார் வேண்டுமானாலும் நடலாம். ஆயிரம் பேருக்கு மேல் வந்திருந்தார்கள். சுமார் ஒன்றரை ஹெக்டேர், நம் கணக்கில் ஏறத்தாழ பதினோரு மா. எனக்குக் கொடுத்தது ஊதா நாற்று. நாற்றாக இருக்கும்போதே அது மட்டும் கொஞ்சம் கறுத்துத் தெரிந்தது. சேறு எலும்பு வரை குளிர்ந்தது, ஆனால் கால் புதைந்த விதம் நம் வயல்தான். என் பக்கத்தில் ஒரு பாட்டி, எண்பது வயது இருக்கும். நான் ஒரு நாற்று முடியைப் பிரிப்பதற்குள் அவர் ஒரு வரிசை முடித்துவிடுவார். என் நாற்று ஒன்று கயிற்றைத் தாண்டிவிட்டது. பேசாமல் பிடுங்கி, இந்தப் பக்கம் ஊன்றி, சேற்றுக் கையாலேயே என் முதுகில் தட்டிக்கொடுத்தார். அந்த இடத்தில் அம்மாவை நினைத்துக்கொண்டேன்.

ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை நிறம் உச்சத்தில் இருக்கும். கிராம அலுவலகக் கட்டடமே பழைய கோட்டை போலக் கட்டப்பட்டது. அதன் மாடியில் ஏறித்தான் பார்க்க வேண்டும். முதலில் கட்டணம் இல்லை, உண்டியல் மட்டும். பிறகு டிக்கெட் வைத்தார்கள். 2012-ல் நெடுஞ்சாலை ஓரத்து விற்பனை நிலையத்துக்குப் பக்கத்தில் இரண்டாவது வயல் வந்தது. அடுத்த ஆண்டே அதன் அருகில், கோனான் ரயில் பாதையில் வயல் ஓவியத்தின் பெயரிலேயே ஒரு நிலையம் திறந்தார்கள். 2016-ல் பார்க்க வந்தவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். அந்த ஆண்டுதான் குளிர்காலத்திலும் ஆள் வரட்டும் என்று சைமன் பெக் என்ற ஆங்கிலேயக் கலைஞரை அழைத்து, பனி மூடிய வயலில் நடந்து நடந்தே கோலம் போட வைத்தார்கள்.

பணம் எவ்வளவு வருகிறது என்று நீங்கள் கட்டாயம் கேட்பீர்கள். வருகிறவர்கள் பார்த்துவிட்டு, சாப்பிடவும் தங்கவும் ஹிரோசாகிக்கு வந்துவிடுகிறார்கள். கூட்டம் இவ்வளவு, ஊரில் தங்கும் காசு குறைவு. அதனால்தான் அந்தச் சாலையோர விற்பனை நிலையத்தை நான் பெரிதாக நினைக்கிறேன். காலையில் விவசாயியே ஆப்பிளையும் கத்தரிக்காயையும் கொண்டுவந்து அடுக்கி, தன் பெயர் போட்ட சீட்டை ஒட்டி, விலையையும் தானே வைக்கிறார். நிலையத்துக்குக் கழிவு போக மீதி அவருக்கு. இடைத்தரகர் இல்லை. படத்தைப் பார்க்க வந்தவர் பை நிறைய வாங்கிப் போகிறார். ஓவியம் ஆளைக் கூட்டுகிறது, காசை ஊரில் நிறுத்துவது இந்தக் கடை. நம் ஊரில் திருவிழாவுக்குப் பந்தல் போடும் அக்கறையில் கால்வாசியைக்கூட இப்படி ஒரு கடைக்கு நாம் காட்டியதில்லை.

2008-ல் செலவைச் சமாளிக்க, நிறுவனங்களின் விளம்பரத்தையும் நெல்லால் நட்டார்கள். நிலத்துக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. நட்ட நாற்றைப் பிடுங்க வேண்டியதாயிற்று. பெரிய சங்கடம்தான். ஆனாலும் நான் அவர் பக்கம். அந்த வயலை நம்பி வருகிறவர்கள், இது சாப்பாடு விளைகிற இடம் என்றுதான் வருகிறார்கள்.

இன்னொன்று உங்களுக்குக் காட்ட வேண்டும். 1981-ல் சாலை போடத் தோண்டியபோது இந்த ஊரில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய வயல்கள் கிடைத்தன. 656 பாத்திகள், வரப்பு உட்பட. வெள்ளம் கொண்டுவந்த மண் மூடியதால் அப்படியே இருந்திருக்கின்றன. சேற்றில் நடந்தவர்களின் காலடித் தடங்களும் இருந்தன. அதன் ஒரு பகுதிக்குக் கூரை போட்டு, உள்ளே நடந்து பார்க்க விடுகிறார்கள். குழந்தையின் கால் அளவில் ஒரு தடத்தைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றேன். இவ்வளவு வடக்கே, இந்தக் குளிரில், அன்றைக்கே நெல் நட்டிருக்கிறார்கள்.

ஆதிரெங்கம் நெல் திருவிழாவுக்கு என்னை அழைத்துப் போனீர்களே, நினைவிருக்கிறதா? இரண்டு கிலோ விதை கொடுத்து, அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பிக் கேட்டார் நெல் ஜெயராமன். நம்மிடம் இல்லாதது ஒன்றுமில்லை அப்பா. மாப்பிள்ளைச் சம்பா இருக்கிறது, காட்டுயானம் இருக்கிறது, நடவுப் பாட்டு தெரிந்த அத்தைமார் இருக்கிறார்கள். வயலில் படம் வரையச் சொல்லவில்லை. நடவு நாளில் திருச்சி, தஞ்சாவூர்ப் பள்ளிப் பிள்ளைகளை வரவழைத்து, நம் வயலில் இறக்கி, நம் சோற்றைப் போட்டு, போகும்போது நம் அரிசியை விற்று அனுப்பலாம். முதல் ஆண்டு இருபது பேர் வந்தால் போதும். தலைவரிடம் நீங்கள் பேசுங்கள். மகளிர் குழு அக்காவிடம் நானே போனில் பேசுகிறேன்.

போட்டோக்களைத் தம்பியின் செல்போனுக்கு அனுப்பியிருக்கிறேன். பெரிதாக்கிக் காட்டச் சொல்லுங்கள். அம்மா முழங்காலுக்குப் போடும் தைலத்தை விட்டுவிட வேண்டாம்.

அடுத்த ஜூன் நடவுக்கு நீங்கள் இருவரும் இங்கே வர வேண்டும். பாஸ்போர்ட்டுக்கு இந்த மாதமே விண்ணப்பித்துவிடுங்கள். ஆதாரிலும் பள்ளிச் சான்றிதழிலும் உங்கள் பிறந்த தேதி வேறு வேறாக இருக்கிறது என்று தம்பி சொன்னான். அதை முதலில் சரி செய்யச் சொல்லுங்கள்.

தங்கள் அன்பு மகள்