அளந்து பார்த்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு நீரிழிவு. பத்து மாதத்துக்கு முன் என் எச்பிஏ1சி, அதாவது சுமார் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை, 9.2 சதவீதம். போன வாரம் 6.1. எடை 91 கிலோவிலிருந்து 80. "எப்படிக் குறைத்தாய்?" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். யார் யார் குறைத்தார்கள் என்று சொல்வதுதான் நியாயம். அறிவுரை சொன்னவர்கள் ஏராளம். இந்த மடல் அவர்களுக்கு அல்ல.

டயட்டீஷியன் அம்மா, தடை செய்த உணவுகள் என்று எந்தப் பட்டியலையும் கையில் திணிக்காமல், ஏழு நாள் சாப்பிட்டதை ஒளிக்காமல் எழுதி வரச் சொன்னீர்கள். ஒரு தானியத்தை விட்டு இன்னொன்றுக்கு மாறியதை நான் பெருமையாகச் சொல்ல, இரண்டிலும் உள்ள மாவுச்சத்தைக் கூட்டிக் காட்டினீர்கள். பெரிய வித்தியாசம் இல்லை! நாளுக்கு 300 கிராமுக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. அதை 130 கிராமுக்குள் கொண்டுவர ஆறு வாரம் தந்தீர்கள். முதல் வாரமே 2 கிலோ இறங்கியதென்று துள்ளி வந்தவனிடம், "பெரும்பாலும் தண்ணீர்தான், கல்லீரலிலும் தசையிலும் சேமித்த சர்க்கரையோடு சேர்ந்து போகிறது" என்றீர்கள். கொஞ்சம் கோபம் வந்தது, உண்மை. சாப்பிடும் முன்பும் இரண்டு மணி நேரம் கழித்தும் விரலைக் குத்தி மீட்டரில் சர்க்கரை பார்க்கச் சொன்னீர்களே, அதற்குப் பிறகு எது எனக்கு ஆகும், எது ஆகாது என்று யாரையும் கேட்கத் தேவைப்படவில்லை.

ஆறு வாரம் பொறுக்க எனக்கு ஏது பொறுமை? இரண்டாம் வாரமே மாவுச்சத்தை ஏறக்குறைய நிறுத்திவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையை மட்டும் பழைய அளவிலேயே விழுங்கினேன். அலுவலகத்தில் ஒருநாள் முற்பகல் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு குழறியது. பக்கத்து மேசை நண்பரே, மற்றவர்கள் விசிறிக்கொண்டிருந்தபோது என் பையிலிருந்து மீட்டரை எடுத்தவர் நீங்கள்தான். சர்க்கரை 58, மிகத் தாழ்வு. உங்கள் குளுக்கோஸ் பொட்டலத்திலிருந்து 15 கிராம் கரைத்துக் கொடுத்தீர்கள், கடிகாரத்தைப் பார்த்தபடி 15 நிமிடம் உட்கார்ந்திருந்தீர்கள், மறுபடி குத்தினீர்கள். 84.

டாக்டர், திட்டு வாங்கத் தயாராகத்தான் அன்று மாலை வந்தேன். நீங்கள் படம் போட்டீர்கள். சாப்பாடு வந்ததா இல்லையா என்று பார்க்காமல் அந்த மாத்திரை கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும். அதனால் தட்டைக் குறைக்கும்போது மாத்திரையையும் குறைக்க வேண்டும், அதுவும் உங்கள் கையால். அன்றே பாதியாக்கினீர்கள், மூன்றாம் மாதம் நிறுத்தினீர்கள். இன்னொரு சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் தொடர்கிறது. கல்லீரலிலும் கணையத்திலும் படிந்த கொழுப்பு இறங்கினால் சர்க்கரையும் இறங்கும் என்பதற்கு 2017இல் வெளியான பிரிட்டன் ஆய்வைக் காட்டினீர்கள்: ஓராண்டில் 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 86 சதவீதம் பேர் மருந்தில்லாமல் நீரிழிவு எல்லைக்குக் கீழே வந்திருந்தார்கள். அது மொத்தக் கலோரியையே ஒடுக்கிய ஆய்வு, உங்கள் முறை வேறு என்றும் சேர்த்தே சொன்னீர்கள். போன வாரம் "குணமாகிவிட்டதா?" என்று கேட்டேன். "எல்லா மருந்தையும் நிறுத்தி மூன்று மாதமாவது எச்பிஏ1சி 6.5க்குக் கீழே நிற்கட்டும், அப்போதும் அதைக் குணம் என்று சொல்லமாட்டேன், நோய் அடங்கியிருக்கும் தணிவு என்றுதான் சொல்வேன்" என்றீர்கள்.

அக்கா, ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் போன் போட்டு, "எழுந்தியா?" என்ற ஒரே சொல்லோடு வைத்துவிடுவாயே, அந்தப் பதினைந்து நிமிட நடைக்கு 30, 40 புள்ளி இறங்கும். மீட்டரைக் கேட்டால் சொல்லும்.

என் மனைவிக்கு: எனக்கென்று தனியாகச் சமைத்து என்னை நோயாளியாக்காமல், எல்லோர் தட்டையும் ஒரே மாதிரி மாற்றினாய். பிள்ளைகள் முணுமுணுத்தது எனக்கும் கேட்டது.

நண்பரே, அன்றைய பொட்டலத்தில் மீதி என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. திங்கட்கிழமை புதியது ஒன்று வாங்கித் தருகிறேன்.