அழிப்பான்

சுங்கை சிப்புட்,
ஞாயிறு மத்தியானம்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பதில் எழுத உட்கார்ந்த மூன்று தடவையும் சின்னவன் பேனாவைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டான். இன்றைக்கு அவனும் அத்தையும் அசந்து தூங்குகிறார்கள். வெளியே மழை. பெரியவள் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். விட்டால் இனி எப்போது நேரம் கிடைக்குமோ.

"வெளிநாட்டில் பிள்ளை வளர்ப்பது எப்படி இருக்கிறது, பனியெல்லாம் பார்த்தார்களா?" என்று கேட்டிருக்கிறாய். உனக்கே நியாயமா? நான் இருப்பது மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டத்துப் பட்டணம். வீட்டுக்குப் பின்னால் பழைய ரப்பர் மரங்கள் கொஞ்சம், அதைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டின தூரம் செம்பனை, நம் ஊரில் எண்ணெய்ப் பனை என்பார்களே, அது. பக்கத்து வீட்டுக் கோழி எங்கள் துளசி மாடத்தில் முட்டையிடுகிறது. மளிகைக் கடைச் சீனர், தவுக்கே என்பார்கள், என்னைப் பார்த்ததும் "தங்கச்சி, நல்ல புளி வந்திருக்கு" என்று தமிழில் கூப்பிடுகிறார். பனிக்கு நான் எங்கே போவேன்?

ஆனால் இருட்டு உண்டு. ஐந்தரைக்கு எழுந்து, ஆறரைக்குப் பெரியவளைப் பள்ளி வேனில் ஏற்றும்போது வானத்தில் நட்சத்திரம் இருக்கும். விடிவதற்கு ஏழு தாண்டிவிடும். வந்த புதிதில் இது என்ன ஊர் என்று எரிச்சலாக வரும். அப்புறம் அத்தைதான் சொன்னார்: 1982 பிறந்த அன்றைக்கு நாடு முழுக்க ஒரே நேரம் இருக்கட்டும் என்று இந்தப் பக்கத்துக் கடிகாரத்தை அரைமணி முன்னால் தள்ளிவிட்டார்களாம். அதற்கு முன்பும் பெரிய வெளிச்சமெல்லாம் கிடையாது, அரைமணிதான் வித்தியாசம். அத்தைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அவர் ரப்பர் மரம் சீவிப் பால் எடுக்கப் போனவர். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே காட்டுக்குள் நுழைகிற பிழைப்பு. "புள்ளைக்கு வேன் வாசலுக்கு வருது, இதுக்குப் போயி அலுத்துக்கிற" என்பார். நான் வாயை மூடிக்கொள்வேன்.

உன் அடுத்த கேள்வி, பிள்ளைகளுக்குத் தமிழ் மறந்துவிடாதா என்பது. இதற்குத்தான் இந்தக் கடிதத்தையே எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்.

நானும் அந்தப் பயத்தோடுதான் வந்தேன். பெட்டியில் ஆத்திசூடி, பாட்டுப் புத்தகம், கதைப் புத்தகம் என்று ஐந்து கிலோ. வந்து பார்த்தால், இங்கே தமிழ்ப்பள்ளி என்றால் தமிழை ஒரு பாடமாகச் சொல்லிக்கொடுக்கிற பள்ளி மட்டும் இல்லை. கணக்கும் அறிவியலும்கூடத் தமிழில்தான். மலாயும் ஆங்கிலமும் கூடவே உண்டு. ஏழு வயதில்தான் முதலாம் ஆண்டு, அதற்கு முன்னால் பாலர் பள்ளி. உன் பெண் மூன்றரை வயதில் எல்.கே.ஜி.க்குப் போய் அழுததை நினைத்துக்கொண்டேன்.

போன விடுமுறைக்குக் கும்பகோணம் போயிருந்தோம் இல்லையா? அங்கே நடந்ததைச் சொல்கிறேன். கூடத்தில் என் அண்ணன் பையனும் பெரியவளும் படம் வரைந்துகொண்டிருந்தார்கள். அவன், "உன்கிட்ட ரப்பர் இருக்கா?" என்று கேட்டான். இவள் வரைவதை நிறுத்தி, பெரிய மனுஷி மாதிரி யோசித்துவிட்டுச் சொன்னாள்: "எங்க வீட்டுக்குப் பின்னாடி நிறைய இருக்கு. ஆனா இப்ப யாரும் சீவறதில்ல."

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. பென்சிலால் கிறுக்கி, விரலால் தேய்த்துக் காட்டினான். "ஓ, அழிப்பானா?" என்று எடுத்துக் கொடுத்தாள். என் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கொஞ்சம் கலங்கியது. காவிரிக்கரைப் பையன் ரப்பர் என்கிறான். ரப்பர் காட்டு ஓரத்தில் பிறந்தவள் அழிப்பான் என்கிறாள். தேய்த்து அழிப்பதற்கு உதவியதால்தான் ஆங்கிலத்தில் அதற்கு அந்தப் பெயரே வந்தது என்று என் வீட்டுக்காரர் அப்புறம் சொன்னார். மரத்துக்கு அது ஒட்டிக்கொண்ட பெயர்தானாம்.

அதற்காக என் பிள்ளைகள் செந்தமிழில் பேசுகிறார்கள் என்று நினைத்துவிடாதே. வீட்டில் அவர்கள் பேசுவது அத்தையின் தமிழ். ரோடு இவர்களுக்குச் சடக்கு, பாட்டில் போத்தல், மைல் கட்டை, ரிங்கிட் வெள்ளி. "காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்று என் அம்மா போனில் கேட்டால், "பசியாறியாச்சு பாட்டி, நாசி லெமாக்" என்று பதில் வரும். பாட்டிக்கு முதல் பாதி புரியும், நாசி லெமாக் என்றால் தேங்காய்ப்பால் சோறு என்பது புரியாது. பசியாறுவது என்றால் இங்கே காலைச் சாப்பாடு. கல்யாணமாகி வந்த மறுநாள் காலையில் அத்தை "பசியாறிட்டியாம்மா?" என்று கேட்டபோது, யாரோ கோயில் வாசலில் நின்று கேட்டது போல இருந்தது எனக்கு. இப்போது நானே வேன்காரரிடம் அப்படித்தான் கேட்கிறேன்.

சின்னவன் இன்னும் மோசம். அடுத்த வீட்டு மலாய்க்காரம்மாவை மாக்சிக், மாக்சிக் என்று பாதி நாள் அங்கேதான் கிடக்கிறான். சம்பலோடு நெத்திலி தின்று பழகிவிட்டதால், என் சாம்பாரைப் பார்த்தால் "காரமே இல்ல" என்கிறான். மூன்று வயசு!

அவனைப் பார்த்துக்கொள்வது அத்தைதான். தோட்டத்தில் முன்பெல்லாம் ஆயாக்கொட்டகை என்று ஒன்று இருந்ததாம். அம்மாக்கள் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை அங்கே விட்டுவிடுவார்கள், வரிசையாகத் தொட்டில் தொங்கும், ஓர் ஆயா அத்தனையையும் ஆட்டுவாள். என் வீட்டுக்காரர் வளர்ந்தது அந்தத் தொட்டிலில்தான். தோட்டத்து லயத்தை, அதுதான் தொழிலாளிகளின் வரிசை வீடுகளை, விட்டு எல்லோரும் பட்டணத்துத் தாமான் குடியிருப்பு வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். செம்பனைக் குலை வெட்டுவதற்கு இப்போது வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வருகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் ஊரில், போன் திரைக்குள் இருக்கிறார்கள். அத்தைக்கு மட்டும் பழக்கம் போகவில்லை. சின்னவன் அழுதால் சேலையைக் கட்டித் தொட்டிலாக்கிவிடுகிறார். "மூன்று வயதுப் பையனுக்கு எதுக்கு அத்தை தொட்டில்?" என்று நான் கேட்டு, அவர் இரண்டு நாள் பேசாமல் இருந்து, அந்தக் கதை எல்லாம் எழுதினால் காகிதம் பத்தாது.

இவர் வேலை செம்பனை எண்ணெய் மில்லில். வெட்டின குலையை அதிக நேரம் போட்டு வைத்தால் எண்ணெய் கெட்டுவிடும் என்பதால் பருவத்தில் ராத்திரி பகல் கிடையாது. சட்டையில் வேகவைத்த பழ வாசனை வரும். பெரியவள் அதை "அப்பா வாசம்" என்பாள். எனக்கு அது இன்னும் பழகவில்லை.

போன மாதம் எல்லோரும் கோலகங்சார் போய்வந்தோம். இங்கிருந்து பக்கம்தான். 1877இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 ரப்பர் கன்றுகளில் ஒன்பதை அந்த ஊரில்தான் நட்டார்களாம். அதில் ஒன்று என்று சொல்லி ஒரு கிழட்டு மரத்தை வேலி போட்டு வைத்திருக்கிறார்கள். பெரியவள் பலகையில் இருந்ததைப் படித்துக்காட்டினாள். சின்னவன் பால் வருமா என்று கம்பிக்குள் கையை விட்டான். எனக்கு என்னவோ போல இருந்தது. அந்தக் கன்றுகள் வராவிட்டால் இவருடைய பாட்டனார் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியிருக்க மாட்டார், நானும் இங்கே நின்றிருக்க மாட்டேன். அத்தை மரத்தை மேலும் கீழும் பார்த்தார். "இவ்ளோ கெழடா? ஒரு மங்கு பால் தேறாது" என்று சொல்லிவிட்டு, காரில் போய் உட்கார்ந்துகொண்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கும்பகோணத்துக்கு வரும்போது திருச்சி விமான நிலையத்தில் பிள்ளைகளும் இவரும் வெளிநாட்டவர் வரிசையில், சிவப்புப் பாஸ்போர்ட்டோடு. நான் மட்டும் நீலப் பாஸ்போர்ட்டோடு இந்தியர் வரிசையில். என் வரிசை முன்னால் நகர்ந்துவிட்டது. "அம்மா, நீங்க தப்பான லைன்ல நிக்கிறீங்க!" என்று சின்னவன் அங்கிருந்து கத்துகிறான், எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். திரும்பிக் கோலாலம்பூரில் இறங்கினால் அதே கூத்து தலைகீழாக. அவர்கள் மூவரும் உள்ளே போய் எனக்காகக் காத்து நின்றார்கள்.

என் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க ஒவ்வொரு தடவையும் இவரும் கூட வர வேண்டும். போன முறை ஒரு நகல் குறைகிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள், இவருக்கு அரைநாள் சம்பளம் போனது. நகலைத் தேடி அலமாரியைக் குடைந்தபோது, பிள்ளைகளின் தடுப்பூசிப் புத்தகத்துக்கு அடியில் மாமாவுடைய பங்குப் பத்திரம் கிடைத்தது. துண்டு துண்டாக விற்கப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளிகளே வாங்கட்டும் என்று அமைச்சராக இருந்த இந்த ஊர்க்காரர் துன் சம்பந்தன் 1960இல் தொடங்கின தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்கு. வாடகையில்லாத லயத்தில் இருந்துகொண்டு, சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியிருக்கிறார் மனுஷர். அத்தை அதை வாங்கித் துடைத்து, திரும்ப அதே இடத்தில் வைத்துவிட்டார்.

நேற்று பெரியவளின் கட்டுரைப் புத்தகத்தைப் புரட்டினேன். 'என் ஊர்' என்று தலைப்பு. முதல் வரி: "என் ஊர் சுங்கை சிப்புட்." இரண்டாவது வரி: "என் அம்மாவின் ஊர் கும்பகோணம், அது வெளிநாட்டில் உள்ளது." எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. ஆசிரியர் பக்கத்தில் 'நன்று' என்று போட்டிருக்கிறார்.

இவரிடம் காட்டினேன். "சரியாத்தானே எழுதியிருக்கா" என்றார். சரிதான். நான் அந்தப் புத்தகத்தை இன்னும் பையில் வைக்கவில்லை.

நீ பொங்கலுக்கு ஊருக்குப் போனால் என் அம்மாவை ஒரு நடை பார்த்துவிட்டு வா. ராத்திரி எட்டரைக்கு நான் கூப்பிடும்போது அங்கே ஆறு மணிதான், விளக்கேற்றுகிற நேரத்தில் போனை எடுக்க மாட்டேன் என்கிறாள். அப்புறம், அத்தைக்குக் கும்பகோணம் சீவல் இரண்டு பொட்டலம் வாங்கி அண்ணனிடம் கொடுத்துவிடு. இங்கே கிடைக்கிறது வாய்க்கு ஆகவில்லையாம்.

மழை விட்டுவிட்டது. சின்னவன் எழுந்துவிட்டான், பேனாவைப் பார்த்துவிட்டான்.

உன்
பழைய பக்கத்து பெஞ்சுக்காரி