சிவாவுக்கு, பேராதனையிலிருந்து

அன்புள்ள சிவா,

கடிதம் கிடைத்தது. புலமைப்பரிசில் பரீட்சை எழுதியவள் மகள், மெலிந்தது நீ என்று தங்கச்சி ஓரத்தில் கிறுக்கியிருந்ததைப் படித்துச் சிரித்தேன். அம்மாவுக்குக் கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இப்போது என் சட்டையிலுள்ள மைக்கறையெல்லாம் அவருக்குத் தெரிகிறது, அதுதான் தொல்லை.

உன் வகுப்பில் படிக்கும் பத்தாம் தரத்துப் பையனைப் பற்றிக் கேட்டிருந்தாய். கரப்பந்துக் குழுவை விட்டுவிட்டான், கடைசி மேசையில் தூங்குகிறான், ஒரு சொல் கேட்டால் எரிந்து விழுகிறான். ஆசிரியர் அறையில் ‘திமிர்’ என்கிறார்கள், பாட்டி பூசாரியிடம் கயிறு கட்டி வந்திருக்கிறார். பதின்ம வயதில் மனச்சோர்வு அழுகையாகத்தான் வர வேண்டும் என்றில்லை. வளர்ந்தவர்களிடம் சோகத்தைத் தேடுகிற வைத்தியர், இந்த வயதினரிடம் ஓயாத எரிச்சலையும் அதே கணக்கில் எடுத்துக்கொள்வார். அதனுடன் தூக்கம், பசி, கவனம், முன்பு பிடித்தவற்றில் ஆசை ஆகியவையும் சேர்ந்து குலைந்து, இரண்டு வாரம் நாள் தவறாமல் நீடித்தால் சும்மா விடக்கூடாது. உன் பையன் கரப்பந்தை விட்டதுதான் அவன் கோபத்தைவிட என்னை யோசிக்க வைக்கிறது.

நான் இங்கே படித்துக்கொண்டிருப்பதும் இதையே சுற்றித்தான். மூளை வளர்ச்சி சிறுவயதிலேயே முடிந்துவிடும் என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். அமெரிக்காவில் ஜே கீட் என்ற மூளை ஆய்வாளரின் குழு அதே பிள்ளைகளையே திரும்பத் திரும்ப ஆண்டுக்கணக்கில் எம்.ஆர்.ஐ. படம் எடுத்து, 1999இல் வேறு கதை சொன்னது. மூளையின் முன்பகுதியில் நரம்புக்கலங்கள் நிறைந்த சாம்பல்நிறப் பொருள் பெண்பிள்ளைகளுக்குப் பதினொரு வயதளவிலும் பையன்களுக்குப் பன்னிரண்டளவிலும் உச்சத்துக்குப் போய், பிறகு குறைகிறது. பயன்படாத நரம்பு இணைப்புகள் கழிவதும் அதற்கொரு காரணம் என்கிறார்கள். தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் தோட்டத்துக் கவ்வாத்தை நினைத்துக்கொள், ஆனால் இங்கே கத்தி மலை முழுவதையும் ஒரே மட்டத்தில் வெட்டுவதில்லை. உணர்ச்சியைக் கிளப்பும் பகுதிகள் முந்திக்கொள்ள, நிதானிக்க வைக்கும் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. வாழ்நாள் மனநோய்களில் பாதி பதினான்கு வயதுக்குள் தலைகாட்டியிருந்தன என்ற அமெரிக்கக் கணக்கெடுப்பொன்றின் முடிவையும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்.

ஆனால் ‘முன்மூளை முதிரவில்லை, அதுதான் இப்படி’ என்று கூட்டங்களில் சொல்லிவிட்டு எழுந்து போகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தப் படங்கள் சொல்வது சராசரி. இப்போது அமெரிக்காவில் ஒன்பது, பத்து வயதில் சேர்த்த ஏறத்தாழ 12,000 பிள்ளைகளைப் பத்தாண்டு பின்தொடரும் ஆய்வு நடக்கிறது. எத்தனை பெரிய ஆய்வானாலும், உன் வகுப்பில் இருக்கும் ஒருவனுக்கு மனச்சோர்வா இல்லையா என்று எந்த ஸ்கேனும் சொல்லாது. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பத்தடி அறையில் ஆறு பேரோடு படுத்து, தாய் குவைத்தில் இருக்க வளர்கிற பிள்ளை அந்தப் பன்னிரண்டாயிரத்தில் இல்லவும் இல்லை. போன வருடம் அவன் எப்படி இருந்தான் என்பது உனக்குத்தான் தெரியும். அவனை அவனோடுதான் ஒப்பிட வேண்டும், பக்கத்து மேசைக்காரனோடு அல்ல.

தூக்கத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிடாதே. இந்த வயதில் தூக்கம் வரவழைக்கும் மெலட்டோனின் இரவில் பிந்தித்தான் சுரக்கிறது. ஏழரை மணிப் பாடசாலைக்கு மலையேறி நடந்து வருகிறவன் முதல் பாடத்தில் சாய்வதில் வியப்பில்லை.

தனியே கூட்டிக்கொண்டு போய்ப் பேசு. செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது, பலருக்குப் பாரம் குறைகிறது. ஆம் என்றால் தனியே விடாதே, அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிப் போ. 1926 என்ற இலக்கத்தில் தேசிய மனநல நிறுவனத்தையும் அழைக்கலாம். பாட்டியிடம் கயிற்றைக் கழற்றச் சொல்லிச் சண்டை பிடிக்காதே. கயிறும் இருக்கட்டும், வைத்தியரிடமும் போகட்டும்.

இங்கே எனக்குத் தெரிந்த மனநல வைத்தியர் ஒருவரிடம் பேசி வைக்கிறேன். பாட்டியையும் அழைத்துக்கொண்டு எந்தக் கிழமை வர முடியும் என்று எழுது. இரவு எங்கள் வீட்டிலேயே தங்கலாம்.

அன்புடன்,
ரவி